கிராண்ட் ஆற்றில் ட்ரவுட்டுக்கு நீளத் தடி: 10 அடியா, 11 அடியா?

வடலி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஃபிளை தூண்டில் (பூச்சி மாதிரிக் கட்டிய செயற்கை இரை) போடுகிற தமிழ் ஆட்கள் இங்கே சிலர் இருப்பது தெரிந்துதான் கேட்கிறேன். ஆங்கிலக் குழுக்களில் கேட்டால் ஆளுக்கொரு கம்பனிப் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், காரணம் சொல்கிறவர்கள் குறைவு.

நான் இருப்பது கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்துப் பிரம்டனில். பெரும்பாலும் போவது கிராண்ட் ஆறு, ஃபெர்கஸுக்கும் எலோராவுக்கும் இடைப்பட்ட பகுதி. சில சனிக்கிழமைகளில் மகளையும் கூட்டிக்கொண்டு கிரெடிட் ஆற்றின் மேற்பகுதிக்கு, பெல்ஃபவுண்டன் பக்கம் போவேன். கையில் இருப்பது ஒரே ஒரு தடி: 9 அடி, 5 வெயிட் (தடி வீசுகிற லைனின் எடை எண், எண் கூடினால் கனம் கூடும்), நான்கு துண்டு. மிதப்பு கட்டி, அதற்குக் கீழே நிம்ஃப் (நீருக்குள் மூழ்குகிற பூச்சிக்குஞ்சு மாதிரி இரை) விட்டுத்தான் பிடிக்கிறேன்.

என் பிரச்சினை இதுதான். ஆற்றின் நடுவில் ஒரு பெரிய கல் இருக்கும். கல்லுக்குப் பின்னால் நீர் மெதுவாகச் சுழலும், பழுப்பு ட்ரவுட் நிற்பது அங்கேதான். எனக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவில் வேகமான ஓட்டம் ஒன்று. நிம்ஃப் சரியான இடத்தில்தான் விழுகிறது. ஆனால் லைன் அந்த ஓட்டத்தில் பட்ட அடுத்த கணமே மிதப்பை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. லைனைத் தூக்கி ஆறு வருகிற பக்கமாகத் திருப்பிப் போட்டாலும் அரை நொடிதான் கூடுதலாகக் கிடைக்கிறது. பக்கத்தில் நீளத் தடியோடு நின்ற ஒருவர் அதே மாதிரி இடங்களில் மிதப்பே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக மீனைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

கடையில் விசாரித்தேன். 11 அடி, 3 வெயிட் தடிதான் இப்போது எல்லோரும் வாங்குகிறார்கள் என்றார்கள். கையில் பிடித்துப் பார்த்தேன், நுனிப் பக்கம் கனமாகத் தெரிந்தது. எனக்கு வலது தோளில் பழைய வலி உண்டு, வேலை பண்டகசாலையில். நாள் முழுக்க அதைத் தூக்கிப் பிடிக்க முடியுமா என்று யோசனையாக இருக்கிறது.

10 அடி, 10 அடி 6 அங்குலம், 11 அடி என்று மூன்று அளவு இருக்கிறது. எது சரி? மாலையில் பூச்சி எழும்பும்போது அதே தடியில் டிரை ஃபிளையும் (நீர் மேல் மிதக்கிற இரை) போட முடியுமா? இந்த வருடம் ஒரு தடிதான் வாங்கலாம், அதனால் யோசித்து வாங்க விரும்புகிறேன்.


நீரோட்டம் எழுதியது:

வடலி, நீங்கள் சொல்கிற அந்தக் கல், அந்த வேகமான ஓட்டம், இரண்டையும் நான் நன்றாக அறிவேன். குவெல்ஃபில் இருக்கிறேன், அந்த ஆற்றோடு கனகாலப் பழக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நிம்ஃப் ஏன் இழுபடுகிறது என்று பார்ப்போம். ஆற்றில் மேல்நீரும் அடிநீரும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அடியில் கற்களோடு உராய்வதால் அங்கே நீர் மெதுவாகப் போகும், மேலே வேகமாகப் போகும். மிதப்பு மேல்நீரில் போகிறது, நிம்ஃப் போகவேண்டியது அடிநீரின் வேகத்தில். ஆகவே குறுக்கே வேறு ஓட்டம் இல்லாத நேரான இடத்திலும்கூட மிதப்பு நிம்ஃபை இழுத்துக்கொண்டுதான் போகும். இதற்கு மேல், நடுவில் கிடக்கிற லைனும் சேர்ந்து இழுக்கிறது. நீங்கள் பார்த்த மனிதர் மிதப்பையும் எடுத்துவிட்டார், லைனையும் நீரில் விடவில்லை. ஓட்டத்துக்கு மேலாகத் தடியைத் தூக்கிப் பிடித்து, மெல்லிய டிப்பெட்டை (இரையைக் கட்டுகிற கடைசி நூல்) மட்டும் நீருக்குள் விட்டிருப்பார். 5எக்ஸ் டிப்பெட்டின் (எக்ஸ் எண் கூடினால் நூல் மெலியும்) தடிப்பு 0.15 மில்லிமீட்டர், 5 வெயிட் லைன் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். நீர் எதைப் பிடித்து இழுக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தடி நீளம் கூடினால் எட்டும் தூரம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு? தடியை நாம் கிடையாகப் பிடிப்பதில்லை, சரித்துத்தான் பிடிக்கிறோம். 45 பாகைச் சரிவில் பிடித்தால் 1 அடி கூடுதல் நீளத்துக்குக் கிடையாகக் கிடைப்பது முக்கால் அடியைவிடச் சற்றுக் குறைவு. 9 அடியிலிருந்து 11 அடிக்குப் போனால் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். இது நல்ல ஆதாயம்தான். ஆனால் அந்த மனிதருக்கும் உங்களுக்கும் இருந்த வித்தியாசம் முழுவதும் இந்த ஒன்றரை அடியில் இல்லை.

பெரிய வித்தியாசம் லீடரில், அதாவது லைனுக்கும் இரைக்கும் நடுவே கட்டுகிற நூலில், இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 5 வெயிட் லைனின் முதல் 30 அடி 140 கிரெயின் எடை, அதாவது சுமார் 9 கிராம். அடிக்கு 0.3 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். தடி நுனிக்கு வெளியே 10 அடி லைன் தொங்கினால் 3 கிராம். அதன் முனையில் இருக்கிற நிம்ஃப், டங்ஸ்டன் மணி போட்டதாக இருந்தாலும், கால் கிராம் அளவில்தான் இருக்கும். நீங்கள் தடியை எவ்வளவு உயரத் தூக்கினாலும் அந்த 3 கிராம் லைன் நடுவில் தொய்ந்து, நிம்ஃபை உங்கள் காலடிக்கே இழுத்துக்கொண்டு வரும். 11 அடித் தடி வாங்கி அதே லைனைப் போட்டாலும் இதுதான் நடக்கும். அதே இடத்தில் 20 பவுண்ட் இழுவையைத் தாங்கும் நைலானைத் தொங்கவிட்டால் அடிக்கு அந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. தொய்வு ஏறக்குறைய இல்லாமல் போகும், நிம்ஃப் போட்ட இடத்திலேயே நேராக இறங்கும்.

ஆகவே தடிக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால், இருக்கிற 9 அடித் தடியில் நீளமான லீடர் ஒன்றைக் கட்டிப் பாருங்கள் என்பதுதான் என் முதல் பதில். நான் கட்டுவது இப்படி: 20 பவுண்ட் நைலான் 10 அடி, அதோடு 12 பவுண்ட் 4 அடி, பிறகு கடியைக் கண்ணால் பார்ப்பதற்கென்று இரண்டு நிறத்தில் வருகிற சைட்டர் நூல் 2 அடி, அதன் முனையில் சின்ன டிப்பெட் வளையம், அங்கிருந்து 5எக்ஸ் 4 அடி. மொத்தம் 20 அடி. சைட்டர் எப்போதும் நீருக்கு மேலே தெரியவேண்டும். அது நின்றால், துடித்தால், மேல்நீர் நுரையைவிட வேகமாகப் போக ஆரம்பித்தால், தடியைத் தூக்குங்கள். ஃபெர்கஸ் பகுதியில் முழங்காலிலிருந்து தொடை வரை ஆழமான நீருக்கு 14 அல்லது 16 ஆம் எண் கொக்கியில் ஒற்றை நிம்ஃப் போதும். மணி 2.8 மில்லிமீட்டர். ஃபெசண்ட் டெயில், வால்ட்ஸ் வோர்ம், பெர்டிகோன், இந்த மூன்று வகை நிம்ஃபும் இருந்தால் ஒரு கோடைகாலத்தை ஓட்டலாம்.

இனித் தடி. நீளத்தைப் பற்றித்தான் எல்லோரும் கதைக்கிறார்கள், எனக்கு அதைவிட முக்கியம் நுனியின் மென்மை. 5 வெயிட் தடி 9 கிராம் லைனை வீசுவதற்காகச் செய்தது. கால் கிராம் நிம்ஃபும் மெல்லிய நைலானும் அதை வளைக்காது, வளையாத தடி வீசாது. நீங்கள் லீடரைச் சுழற்றித் தள்ளவேண்டிவரும். 3 வெயிட் நிம்ஃப் தடியின் நுனி அந்தச் சின்ன எடைக்கே வளைந்து கொடுக்கும், மணிக்கட்டை அசைத்தாலே போய் விழும். மீன் மாட்டிய பிறகும் இதே மென்மைதான் 6எக்ஸ் டிப்பெட்டைக் காப்பாற்றுகிறது. கிராண்ட் ஆற்றுப் பழுப்பு ட்ரவுட் தலையை உதறுகிற உதறல் உங்களுக்குத் தெரியும்தானே.

இன்னொன்று. நல்ல நிம்ஃப் தடியில் வளையங்கள் சின்னதாகவும் நெருக்கமாகவும் இருக்கும், மெல்லிய லைன் வளையங்களுக்கு நடுவே தொய்யாமல் இருப்பதற்காக. கடையில் பார்க்கும்போது இதைக் கவனியுங்கள். வெறும் 10 அடித் தடிக்கும் நிம்ஃபுக்கென்று செய்த 10 அடித் தடிக்கும் இருக்கிற வித்தியாசங்களில் இதுவும் ஒன்று.

உங்கள் தோள் விஷயம் எனக்குக் கவலையாக இருக்கிறது, அதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். தடி நெம்புகோல் மாதிரித்தான் வேலை செய்கிறது. நுனியில் அதே இழுவை இருக்கும்போது 11 அடித் தடி உங்கள் மணிக்கட்டுக்குக் கொடுக்கும் முறுக்கம் 9 அடித் தடியைவிட 22 சதவீதம் கூட. 10 அடியில் அது 11 சதவீதம்தான். மீன் மாட்டிய சில நிமிடத்தைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. இந்த முறையில் தடி எப்போதும் தூக்கிய நிலையிலேயே இருக்கும், வீசிவிட்டு இறக்கி வைக்கிற வேலை கிடையாது. கையை முழுக்க நீட்டிப் பிடித்தால் நல்ல தோள்கூட மத்தியானத்துக்குள் கேட்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் உங்களுக்கு நுனி கனமாகத் தெரிந்ததற்கு இன்னொரு காரணம், ரீல் போடாமல் பிடித்திருப்பீர்கள். நீளத் தடிக்கு இலேசான ரீல் வாங்கக்கூடாது. ரீலோடும் லைனோடும் சேர்த்துத் தக்கைப் பிடியின் முன்பக்கத்தை ஒரு விரலில் தாங்கினால் தடி சமநிலையில் நிற்கவேண்டும். நின்றால் கை உணர்வது பாதியாகும். ஆனால் அந்தச் சமநிலை தடியின் நீளத்தைக் குறைக்காது. காற்று அடிக்கிற நாளில் 11 அடியின் நுனியை அசையாமல் வைத்திருப்பது தனி வேலை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது 10 அடி, 3 வெயிட். தோள் நன்றாக இருந்தால் 10 அடி 6 அங்குலம் என்று சொல்லியிருப்பேன். நான் வைத்திருப்பது அதுதான், கிராண்ட் ஆற்றின் அகலத்துக்கு அது மிகப் பொருத்தம். 11 அடி இன்னும் அகலமான, திறந்த, மார்பளவு ஆழத்தில் நின்று பிடிக்கிற ஆறுகளுக்கு. எலோரா பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறைச் சுவரும், மேலே சேடார் மரக் கிளைகளும். அங்கே 11 அடித் தடியை உயர்த்தி மீனைக் கொளுவப் பார்த்தால் கிளைதான் மாட்டும்.

டிரை ஃபிளை பற்றி: 10 அடி 3 வெயிட்டில் போடலாம். மெல்லிய நிம்ஃப் லைனுக்குப் பதிலாக 3 வெயிட் மிதக்கும் லைன் சுற்றிய இரண்டாவது ஸ்பூல் (ரீலில் லைன் சுற்றுகிற உருளை) ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். 30 அடிக்குள் காற்றில்லாத மாலையில் அழகாக இறங்கும். அதற்கு மேல் தூரம் போனாலோ, காற்று எதிரே வந்தாலோ மென்மையான நுனி தளர்ந்துவிடும். உங்களிடம் 9 அடி 5 வெயிட் ஏற்கெனவே இருக்கிறது, டிரை ஃபிளைக்கு அதைவிட நல்ல தடி தேவையில்லை. அதை விற்றுவிட மட்டும் வேண்டாம்.

கம்பனிகளைப் பற்றிக் கேட்டால், ஆர்விஸ் கிளியர்வாட்டர் வரிசையில் 10 அடி 3 வெயிட் உண்டு, விலைக்கு நேர்மையான தடி. நுனி எனக்குக் கொஞ்சம் விறைப்பாகத் தோன்றும், அது என் விருப்பம். எக்கோ ஷேடோ வரிசையில் அடித்துண்டோடு இணைத்து நீளத்தைக் கூட்டுகிற உதிரித் துண்டுகள் வருகின்றன. தோள் பழகிய பிறகு நீளம் கூட்ட நினைப்பவர்களுக்கு அது நல்ல வழி.

மகளோடு போகிற கிரெடிட் மேற்பகுதி வேறு கதை. அங்கே புரூக் ட்ரவுட், குறுகிய நீர், தலைக்கு மேல் சேடார். ஏழரை அடித் தடி போதும், அதுவும் சிறு கைக்கு இலேசாக இருக்கும்.


சமவெளிக்காரன் எழுதியது:

நண்பரே, நான் கோவைக்காரன், இப்போது கிச்சனரில். நீரோட்டம் அண்ணன் சொன்னதில் லீடர் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நீளத் தடி வாங்குவதற்கு முன்னால் இன்னொன்றையும் யோசிக்கச் சொல்வேன். இன்னும் இரண்டு அடி முன்னால் போய் நின்று பார்த்தீர்களா?

கிராண்ட் ஆற்றில் வேகமான, நுரை பொங்குகிற நீரில் மீன் நம்மைப் பார்க்க முடியாது. மேல்நீர் உடைந்திருக்கும்போது ஆறு போகிற பக்கமிருந்து மெதுவாக நடந்தால் தடி நீளத்துக்கு இரண்டு மடங்கு தூரம் வரை நெருங்கலாம். பெரும்பாலானவர்கள் 40 அடியில் நின்றுகொண்டு லைனோடு போராடுகிறார்கள். நெருங்கிப் போனால் 9 அடியே போதும். நான் இன்றும் 9 அடி 4 வெயிட்தான் வைத்திருக்கிறேன். மே மாதம் ஹெண்ட்ரிக்சன் பூச்சி எழும்பும்போதும், ஜூனில் சல்ஃபர் பூச்சி எழும்பும்போதும், மீன் மேலே வாய் திறக்கிற அந்தக் காட்சிக்காகத்தான் நான் ஆற்றுக்கே போகிறேன். அந்த நேரத்தில் கையில் தொங்குகிற நைலான் இருந்தால் கயிற்றை மாற்றுவதற்குள் எழுச்சி முடிந்துவிடும். ஆர்வத்துடன் டிரை ஃபிளை போடுகிறவர் என்றால் 9 அடியிலேயே நன்றாகப் பழகுங்கள் என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை. நெருங்கிப் போகும்போது ஓட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே ஷாண்ட் அணையில் நீர் திறந்தால் ஆறு சட்டென்று மாறும். கிராண்ட் ஆற்றுப் பாதுகாப்பு ஆணையம் இணையத்தில் நீரோட்ட அளவைப் போடுகிறது, வீட்டிலிருந்து கிளம்பும் முன் அதைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். கைத்தடி ஒன்று அவசியம், கல் வழுக்கும்.


மிட்லண்ட்ஸ் எழுதியது:

நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். உங்கள் ஆறு எனக்குத் தெரியாது, ஆனால் நீளத் தடி பற்றி இங்கே வேறொரு பழக்கம் இருக்கிறது, தெரிந்திருப்பது நல்லது என்று எழுதுகிறேன்.

ரட்லண்ட் வாட்டர் என்று எங்களுக்குப் பக்கத்தில் ஒரு நீர்த்தேக்கம், சுமார் 3,100 ஏக்கர். படகைக் காற்றோடு மிதக்கவிட்டு, முன்பக்கமாக வீசிக்கொண்டே போவோம். இங்கே 10 அடி 7 வெயிட் வழக்கம். காரணம் நீங்கள் பேசுகிற காரணம் இல்லை. வீசிய லைனை இழுத்து முடித்ததும், தடியை உயர்த்தி மேல் டிராப்பரில் (லீடரிலிருந்து கிளையாகக் கட்டிய நூல்) இருக்கிற ஃபிளையை நீர்மட்டத்திலேயே கொஞ்ச நேரம் தொங்கவிட்டு வைப்போம். அந்த நிறுத்தத்தில்தான் பின்னாலேயே வந்த ரெயின்போ ட்ரவுட் கடிக்கும். 9 அடியில் அந்த ஃபிளை படகுக்கு மிக நெருக்கமாக வந்துவிடும். உட்கார்ந்துகொண்டு வீசுவதால் பின்வீச்சில் லைன் தாழாமல் இருக்கவும் நீளம் உதவுகிறது.

10 அடி என்று தடியில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து இணையத்தில் வாங்கிவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். எங்கள் 10 அடி 7 வெயிட்டும் உங்களுக்குத் தேவையான 10 அடி 3 வெயிட்டும் முற்றிலும் வேறு கருவிகள். அதேபோல 11 அடி 7 வெயிட் சுவிட்ச் தடி என்று ஒன்று இருக்கிறது, இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி. அது உங்கள் ஊரில் இலையுதிர் காலத்தில் ஏரியிலிருந்து ஆறேறி வருகிற ஸ்டீல்ஹெட்டுக்கு (ஏரியில் வளர்ந்த பெரிய ரெயின்போ ட்ரவுட்) நன்றாக இருக்கலாம், கிராண்ட் ஆற்று நிம்ஃபுக்கு இல்லை.

போட்டி விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபிப்ஸ் மூஷ் என்கிற சர்வதேச ஃபிளை தூண்டில் அமைப்பு நடத்துகிற உலகப் போட்டிகளில் தடி 3.66 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதாவது 12 அடி. லீடர் தடியின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. கடைகளில் 10 அடி, 11 அடி நிம்ஃப் தடிகள் இவ்வளவு நிறைந்து கிடப்பதில் இந்தப் போட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. லீடர் இரண்டு மடங்குதான் என்றால், தடியைக் கூட்டினால்தான் லீடரையும் கூட்ட முடியும். போட்டிக்குப் போகாத உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 10 அடித் தடியில் 25 அடி லீடர் கட்டினாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லை.


நீரோட்டம் எழுதியது:

மிட்லண்ட்ஸ், அந்தக் கடைசிப் பந்தி மிகவும் முக்கியமானது, நான் சொல்ல விட்ட விஷயம். நன்றி.

சமவெளிக்காரன் சொல்வதில் நெருங்கிப் போகவேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். நீளத் தடி வைத்திருப்பவரும் நெருங்கித்தான் போகவேண்டும், இந்த முறையே 20, 25 அடிக்குள் நடக்கிறது. ஆனால் 9 அடியே போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வடலி சொன்ன இடம் மாதிரி, நடுவில் வேகமான ஓட்டமும் அப்பால் மெதுவான சுழலும் இருந்தால், அந்த ஓட்டத்துக்குள் இறங்கி நிற்பது பாதுகாப்பில்லை. அங்கே அந்த முக்கால் அடிக்கு மதிப்பு உண்டு. தோளில் வலியுள்ள ஒருவர் தொடையளவு வேக நீரில் சமநிலைக்குப் போராடுவதைவிடக் கரையோரமாக நின்று நீளத் தடியால் எட்டுவது நல்லது.

ஹெண்ட்ரிக்சன் எழுச்சியில் டிரை ஃபிளைதான் என்பதில் மறுபேச்சில்லை. அதற்கு வடலியிடம் தடி இருக்கிறது.


வடலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விளக்கமான பதில்களை எதிர்பார்க்கவில்லை.

நீரோட்டம் அண்ணை சொன்னபடி தடி வாங்காமல் முதலில் அந்த 20 அடி லீடரை என் 5 வெயிட்டில் கட்டிக்கொண்டு போனேன். வித்தியாசம் அன்றே தெரிந்தது. அந்தக் கல்லுக்குப் பின்னால் சைட்டர் நேராக நின்றுகொண்டே மெதுவாக வந்தது. அப்படி அது வந்து நான் பார்த்ததே இல்லை. ஓரிடத்தில் சைட்டர் நின்றது, தூக்கினேன், பழுப்பு ட்ரவுட். நீளம் 14 அங்குலம் இருக்கும். எதிர்முள் இல்லாத கொக்கி என்பதால் வலைக்குள்ளேயே கழன்றது, அப்படியே போகவிட்டேன்.

ஆனால் அண்ணை சொன்ன மற்றதும் தெரிந்தது. வீசுவது கடினம். தடி வளையவே இல்லை, லீடரைப் பின்னால் நீரில் இழுபடவிட்டு, அந்தப் பிடிமானத்தில்தான் முன்னால் எறிய முடிந்தது. இன்னொரு மீன் நல்ல பெரியது, தலையை ஒரு உதறு உதறியது, டிப்பெட் அறுந்தது. தடி கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகவே 10 அடி 3 வெயிட் என்று முடிவெடுத்துவிட்டேன். இன்னும் மூன்று சின்னக் கேள்விகள். இதே தடியோடு அக்டோபரில் கிரெடிட் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு ஸ்டீல்ஹெட்டுக்குப் போகலாமா? ரீல் எந்த எடையில் வாங்குவது? கோடையில் ஆறு சூடாகும் நாட்களில் இந்த மெல்லிய டிப்பெட்டோடு பிடிப்பது மீனுக்குப் பாதகமா? மகள் இதைக் கேட்டாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.


நீரோட்டம் எழுதியது:

14 அங்குலம்! மிகவும் சந்தோஷம். அந்தக் கல்லில் இன்னும் பெரியவை இருக்கின்றன.

ஸ்டீல்ஹெட்டுக்கு வேண்டவே வேண்டாம். ஏரி ஒன்ராறியோவிலிருந்து ஏறி வருகிற மீன் 3 வெயிட்டைத் தாங்கவிடாது. தடி முறிவதைவிட எனக்குப் பெரிய கவலை, மீனைக் கரைக்குக் கொண்டுவர எடுக்கிற நேரம். நீண்ட நேரம் போராடவைத்து விட்ட மீன் பிழைக்காமல் போகலாம். அதற்கு 7 வெயிட், 10 அடி அல்லது 11 அடி, வேறு ஒரு வருடத்தில் பாருங்கள்.

ரீல் விஷயத்தில் எண் ஒன்றை நம்பாமல், தடியைக் கடைக்குக் கொண்டுபோய் லைன் சுற்றிய ரீல்களைப் போட்டுப் பாருங்கள். தக்கைப் பிடியின் முன்பக்கத்தில் சுட்டுவிரலை வைத்தால் தடி கிடையாக நிற்கிற ரீல் எதுவோ அதுதான் உங்களுடையது. 3 வெயிட் தடிக்கு 3 வெயிட் ரீல் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இலேசாகிவிடும், 4, 5 வெயிட் அளவு ரீலில்தான் சமநிலை வரும். உங்கள் பழைய 5 வெயிட் ரீலையே முதலில் போட்டுப் பாருங்கள், பொருந்தினால் ஒரு ஸ்பூல் மட்டும் வாங்கினால் போதும்.

மகளின் கேள்விதான் மூன்றிலும் பெரிய கேள்வி. ட்ரவுட் குளிர்நீர் மீன். நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும், மீனுக்குத் தேவையோ கூடும். நீர் 20 பாகை செல்சியஸைத் தொட்டால் நான் தடியை மடித்துவிடுவேன். சின்ன வெப்பமானி ஒன்றை நூலில் கட்டி மேலங்கியில் தொங்கவிடுங்கள், மகளையே அளந்து சொல்லச் சொல்லுங்கள். கிராண்ட் ஆற்றில் இந்தப் பழுப்பு ட்ரவுட் இருப்பதே 1942 இல் கட்டி முடித்த ஷாண்ட் அணையின் அடியிலிருந்து குளிர்ந்த நீர் வருவதால்தான். 1989 முதல் குஞ்சுகளை விட்டு வளர்த்தார்கள். அணையிலிருந்து கீழே போகப்போக நீர் சூடாகும். அதனால் ஜூலை, ஓகஸ்ட்டில் வெஸ்ட் மொன்ட்ரோஸ் பக்கம் போகாமல் ஃபெர்கஸுக்கு மேலேயே, அதுவும் விடியற்காலையில் நில்லுங்கள். அந்த மாதங்களில் 6எக்ஸுக்குப் போகாமல் 5எக்ஸே கட்டுங்கள், மீனைச் சீக்கிரம் கொண்டுவரலாம். கையை நனைத்துவிட்டுத்தான் மீனைத் தொடவேண்டும், படம் எடுக்க நீருக்கு வெளியே வைத்திருக்காதீர்கள்.

பருவம் செப்டெம்பர் 30 உடன் முடிகிறது. எந்தப் பகுதியில் எதிர்முள் இல்லாத கொக்கியும் செயற்கை இரையும் மட்டும், எந்தப் பகுதியில் பிடித்ததை விட்டுவிடவேண்டும் என்பதை மாகாண அரசின் இந்த வருட விதிப்புத்தகத்தில் ஒருமுறை பாருங்கள், பாலத்துக்குப் பாலம் மாறும். 10 அடித் தடி நான்கு துண்டாக மடித்தால் ஒரு துண்டு ஏறக்குறைய 31 அங்குலம் வரும், காரின் பின்பெட்டியில் குறுக்கே தாராளமாகக் கிடக்கும். குழாயில் போடுவதற்கு முன் துண்டுகளைத் துடைத்துக் காயவிடுங்கள்.

தடி வந்ததும் எழுதுங்கள். வளையங்கள் எத்தனை, நுனி எப்படி என்று எனக்கும் அறிய ஆசை.